ஓடை பிரித்த ஊரும் மதில் பிரித்த ஊரும்

எல்லை, வரம்பு, வேலி, மதில் என்பன மேலோட்டமாக நோக்குவார்க்கு ஒரு பொருள் தரும் சொற்கள் போலத் தோன்றும். மேல்வகுப்பு மாணவர்க்குச் சொற்பொருள் வேறுபாடு கற்பிக்குமிடத்து இந்நான்கினையும் எடுத்துக்காட்டாகக் கொள்வது எமது வழக்கம். எல்லை என்பது ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடம். அதற்கு உருவம் வேண்டுவதில்லை. வரம்பு வயலிலே மண்ணால் அமைவது. அதன்மேல் மனிதர் நடந்து செல்வர். வேலி ஆடு மாடு புகாமற் காப்பது. வேலிக்குப் படலையும் உண்டு, வேலிக்கு மேலாகப் பேச்சும் உண்டு. மதிலோ பகைவரை எண்ணி எழுப்பப்படுவது.

சொல்லளவில் நாம் வகுத்துக் காட்டும் இவ்வேறுபாட்டினை, ஒரு சிற்றூர் தன் வாழ்விலே பட்டு அறிந்திருக்கின்றது. ஜேர்மனி நாட்டிலுள்ள அவ்வூரின் குடிகள் இன்று ஏறத்தாழ ஐம்பதின்மரே. பேரரசர் பிறந்த ஊருமன்று. பெரும்போர் நடந்த களமுமன்று. ஆயினும் அதன் கதையை அறிந்தவர் எல்லை என்னும் சொல்லைப் பின்னொருகால் எண்ணாது எழுதார்.

ஊரும் பேரும்

பவேரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையும் துரிங்கியா மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியும் பொருந்துமிடத்தில், ஹோஃப் என்னும் நகரத்துக்கு வடக்கே, மோட்லாரொயித் என்னும் அவ்வூர் அமைந்துள்ளது. மேடும் பள்ளமுமான நிலம். சுற்றிலும் வயலும் புல்வெளியும் ஊசியிலைக் காடும். உழவே அங்குள்ளாரின் பழந்தொழில்.

ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘ரொயித்’ என்னும் உறுப்புக் காட்டை வெட்டித் திருத்திய நிலத்தைக் குறிப்பது. இசைவிழாவினாற் புகழ்பெற்ற பைரொயித் நகரத்தின் பெயரிலும் இவ்வுறுப்பையே காண்கின்றோம். மரத்தை வீழ்த்தி, வேரைக் கிளப்பி, மண்ணைப் பண்படுத்தி வாழ்ந்த முன்னோரின் உழைப்பு இவ்வாறு ஊர்ப்பெயரிலே உறைந்து கிடக்கின்றது.

ஊரின் நடுவே ஓர் ஓடை செல்கின்றது. அதன் பெயர் தான்பாக். ‘தானெ’ என்பது அந்நாட்டு மலைக்காடுகளில் வளரும் ஊசியிலை மரமொன்றின் பெயர்; ‘பாக்’ என்றால் ஓடை. ஆறு என்று சொல்லத்தக்க அகலம் அதற்கில்லை. காலை நீட்டி எட்டி வைத்தால் மறுகரை சேரலாம். உலகப்படத்திலே தேடினாற் கிடைக்காத இந்நீர்க்கோடு, இருபதாம் நூற்றாண்டிலே உலகத்தை இரண்டாகப் பிரித்த கோட்டின் ஒரு துண்டாயிற்று.

கல் நட்ட காலம்

1810ஆம் ஆண்டிலே பைரொயித் நாட்டுப்பகுதி நெப்போலியனிடமிருந்து பவேரிய அரசுக்குக் கைமாறியது. அவ்வாண்டிலேயே ஓடைக்கரையிலே எல்லைக் கற்கள் நடப்பட்டன. மேற்குக் கரை பவேரிய மன்னருக்குரியது. கிழக்குக் கரை ரொய்ஸ் என்னும் சிற்றரசுக்குரியது. ரொய்ஸ் குலத்தில் ஆண்மக்கள் அனைவர்க்கும் ஹைன்றிக் என்ற ஒரே பெயரை இட்டு, எண்ணினால் வேறுபடுத்துவது மரபு. அத்துணைச் சிறிய அரசு அது. கல்லின் ஒரு முகத்திலே பவேரிய அரசின் முதலெழுத்துக்களும் மறுமுகத்திலே ரொய்ஸ் அரசின் முதலெழுத்துக்களும் பொறிக்கப்பட்டன.

ஓரூரிலே இரண்டு அரசர். இறை செலுத்துமிடம் வேறு. வழக்குத் தீர்க்கும் மன்றம் வேறு. ஆயினும் ஊர் ஒன்றாகவே இருந்தது. பள்ளிக்கூடமும் மதுச்சாலையும் கிழக்குக் கரையில் இருந்தன. இரு கரையாரும் அவற்றுக்குச் சென்றனர். கோயிலோ மேற்குப் பக்கத்தில், அயலூராகிய தோப்பெனில் இருந்தது. இரு கரையாரும் அங்கே சென்று வழிபட்டனர். ஆகவே வாரநாளிலே பிள்ளைகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடையைக் கடந்தனர். ஞாயிறு தோறும் பெரியோர் கிழக்கிலிருந்து மேற்கே கடந்தனர். பெண் கொண்டதும் கொடுத்ததும் கரை பார்த்து நிகழவில்லை.

1871இல் ஜேர்மன் பேரரசு அமைந்தது. 1918இல் முடியாட்சிகள் ஒழிந்தன. 1920இல் ரொய்ஸ் நாடு துரிங்கியா என்னும் புதிய மாநிலத்துள் அடங்கிற்று. கற்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வெல்லை எவரையும் வருத்தவில்லை என்பதை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின் வந்த கதைக்கு அதுவே திறவுகோல்.

இலண்டனில் வரைந்த கோடு

இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே, 1944 செப்டெம்பரில், பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்று வல்லரசுகளின் பேராளர் இலண்டனிலே கூடி, தோல்வியுறப்போகும் ஜேர்மனியை எவ்வாறு பங்கிட்டு ஆள்வது என்பதற்கு உடன்படிக்கை செய்தனர். புதிதாகக் கோடு இழுப்பதிலும் பழைய மாநில எல்லைகளைப் பின்பற்றுவது எளிதாக இருந்தது. துரிங்கியா சோவியத்துக்கு, பவேரியா அமெரிக்காவுக்கு. இவ்விரு சொற்களும் தாளில் ஏறியபோது, மோட்லாரொயித்தின் நடுவே ஓடிய ஓடையும் அவற்றுள் அகப்பட்டுக்கொண்டது.

1945 ஏப்பிரலில் துரிங்கியாவைக் கைப்பற்றியவர் அமெரிக்கப் படையினர். யூலையிலே உடன்படிக்கைப்படி அவர்கள் விலக, சோவியத் படையினர் அங்கே வந்தனர். முதலிலே கடவைச்சீட்டுப் பெற்றுக் கரை கடக்க முடிந்தது. உழவர் மறுகரையிலுள்ள தம் வயலுக்குப் போய்வந்தனர். 1949இலே மேற்கில் ஜேர்மன் கூட்டாட்சிக் குடியரசும் கிழக்கில் ஜேர்மன் சனநாயகக் குடியரசும் தோன்றின. அன்று முதல் ஓடையின் இரு கரையும் இரண்டு நாடுகள் ஆயின. நாணயம் இரண்டு, சட்டம் இரண்டு, பாடநூலிற் கூறும் உலகமும் இரண்டு.

1952: வணக்கத்துக்குத் தடை

1952 மே 26ஆம் நாள் கிழக்கு ஜேர்மன் அரசு எல்லையை அடைக்க ஆணையிட்டது. ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் நீண்ட அவ்வெல்லையின் ஓரமாக 10 மீற்றர் அகலத்துக்கு நிலம் உழப்பட்டது. விதைப்பதற்காக அன்று, கடப்பவரின் காலடி மண்ணிலே பதிய வேண்டும் என்பதற்காக. அதையடுத்து 500 மீற்றர் அகலமான காவற்பகுதி. அதற்கப்பால் 5 கிலோமீற்றர் வரை தடைப்பகுதி. மோட்லாரொயித்தின் கிழக்குப் பாதி முழுவதும் காவற்பகுதிக்குள் வீழ்ந்தது. ஓடையோரமாக ஆளுயரப் பலகை வேலி எழுந்தது. படலையில்லாத வேலி அது.

மேற்குக்கரைப் பிள்ளைகள் தாம் எழுத்துக் கற்ற பள்ளிக்கூடத்தை அதன் பின்னர் அடைய முடியவில்லை. வேறு ஊர்ப் பள்ளிக்குச் சென்றனர். கிழக்குக்கரை மக்களுக்குத் தோப்பெனிலிருந்த கோயில் எட்டாததாயிற்று. ஒரு வாங்கிலே இருந்து படித்த தோழர் இருவர், ஒரே ஊரிலே, ஒருவரையொருவர் காணாது முதிர்ந்தனர் என்றால், அதனை ஆசிரியத் தொழில் செய்வார் எவரும் எளிதிற் கடந்து செல்லார்.

அவ்வாண்டு யூன் மாதத்திலே எல்லையோர ஊர்களிலிருந்து அரசு நம்பத்தகாதோர் எனக் கருதிய குடும்பங்கள் இரவோடிரவாக ஏற்றப்பட்டு உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. எல்லை நெடுகிலும் அவ்வாறு வேரோடு பெயர்க்கப்பட்டோர் 8,000 பேருக்கு மேலாவர். துரிங்கியாவிலே அதிகாரிகள் அந்நடவடிக்கைக்குத் தமக்குள் வழங்கிய பெயர் ‘உன்கெட்ஸீஃபர்’. தீங்கு செய்யும் பூச்சி புழுக்களை அம்மொழி இவ்வாறு அழைக்கும். இச்சொல்லின் பழம்பொருளை ஆராய்ந்தோர், பலியிடுதற்குத் தகாத தூய்மையற்ற விலங்கு என்பதே அது என்பர். அயலவனை அவன் வீட்டிலிருந்து எழுப்பி வண்டியில் ஏற்றுவதற்கு முன்னர், அவனுக்கு மனிதன் என்னும் பெயரை நீக்க வேண்டியிருந்தது போலும். 1961இல் இத்தகைய வெளியேற்றம் மீண்டும் நிகழ்ந்தபோது, அதற்குச் சில இடங்களில் இட்ட பெயர் வயலிற் பூக்கும் நீலப்பூ ஒன்றின் பெயர். முதற்பெயர் கொடியது; இரண்டாம் பெயர் அழகியது. ஏற்றப்பட்டவர்க்கு இரண்டும் ஒன்றே. சொல்லைத் தொழிலாகக் கொண்ட நாம் கவனிக்கவேண்டியது இது: கொடுமை சில வேளை இழிசொல்லோடு வரும், சில வேளை பூவின் பெயரோடும் வரும்.

காவற்பகுதியில் எஞ்சிய குடிகளுக்குக் கட்டுப்பாடுகள் பல. அடையாளச் சீட்டிலே தனி முத்திரை இன்றி அவர்கள் தம் வீட்டுக்குத் திரும்ப முடியாது. உறவினர் வருவதற்கு முன்கூட்டியே அனுமதி பெறல் வேண்டும். இரவிலே வெளியில் நடமாடவும் கட்டுப்பாடு. இவையனைத்தினும் எம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. மேற்குக் கரையை நோக்கிக் கையசைப்பதும் வணக்கம் கூறுவதும் தடைசெய்யப்பட்டன. மறுகரையிலே நிற்பவர் உடன்பிறந்தாராயினும் சரியே. மேற்குக் கரையார் கையசைக்கலாம், அவர்க்குத் தடையில்லை. கிழக்குக் கரையார் கண்டும் காணாதார் போல முகந்திருப்பிச் செல்லல் வேண்டும். திருப்பிய முகத்தினுள் என்ன இருந்தது என்பதை மறுகரையார் அறிந்தேயிருந்தனர்.

மதில்

1961 ஓகஸ்ட் 13ஆம் நாள் பேர்லின் நகரம் இரண்டாக அடைக்கப்பட்டதை உலகம் அறியும். ஐந்தாண்டு கழித்து, 1966இல், மோட்லாரொயித்தின் பலகை வேலியும் முட்கம்பி வேலியும் நின்ற வரிசையிலே கொங்கிறீற்று மதில் எழுந்தது. நீளம் 700 மீற்றர். உயரம் மூன்று மீற்றருக்கும் சிறிது கூட. இரவெல்லாம் விளக்கு எரிந்தது. காவற்கோபுரத்திலிருந்து கண்கள் நோக்கின. பேர்லின் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பெருநகரம். இவ்வூரோ சில பத்துக் குடிகளின் இருப்பிடம். ஆயினும் மதில் ஒரே சாதி மதில். அதனால் அமெரிக்கப் படைவீரர் இவ்வூரைச் ‘சின்னப் பேர்லின்’ என்று அழைக்கலாயினர். அப்பெயரே பரவிற்று.

மேற்குக் கரையில் நின்று இக்காட்சியைக் காண வெளியூரார் வந்தனர். 1983இல் ஐக்கிய அமெரிக்காவின் துணை சனாதிபதியாயிருந்த ஜோர்ஜ் புஷ்ஷும் வந்து நோக்கினார். கடல் கடந்த நாட்டின் தலைவர் காணக்கூடிய கிழக்கு வீடுகளை, அவ்வீடுகளிலிருந்தோரின் மேற்குக்கரை உறவினர் எட்டிப் பார்ப்பதன்றி மிதிக்க முடியவில்லை. கிழக்குப் பகுதியிலோ, அந்நாட்டுக் குடிமக்களாயினும் அனுமதியின்றி அங்கே கால்வைத்தல் இயலாது. ஒரு பக்கம் காட்சிப்பொருள், மறுபக்கம் மறைபொருள்.

இம்மதிலைத் தாண்டித் தப்பியவர் ஒருவரே என்பர். 1973 மே மாதத்தில் ஓர் இரவு, அப்பகுதியை நன்கறிந்த ஒருவர் வண்டியிலே ஏணி ஒன்றைக் கொண்டுவந்து, மதிலருகே சாத்தி ஏறி, மேற்குப் பக்கம் குதித்தார். முன்னாளிற் பள்ளிச்சிறுவர் புத்தகப் பையுடன் நாள்தோறும் கடந்த தொலைவு அது.

ஒரு மாதம் பிந்திய விடுதலை

1989 நவம்பர் 9ஆம் நாள் இரவு பேர்லின் மதில் திறந்தது. உலகமெங்கும் அச்செய்தி பரவிற்று. மோட்லாரொயித்திலோ மதில் அசையாது நின்றது. ஊரார் அடுத்த வீட்டுக்குச் செல்ல வேண்டுமாயின், வேறிடத்திலே திறந்த கடவை வழியாகச் சுற்றி வரல் வேண்டும். சரியாக ஒரு மாதம் கழித்து, டிசெம்பர் 9ஆம் நாள், மதிலிலே நடந்து செல்வோர்க்கு ஒரு வழி திறக்கப்பட்டது. முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் இரு கரையாரும் ஓடைமேல் ஒருவரையொருவர் எதிர்கொண்டனர். பிரியும்போது பிள்ளைகளாயிருந்தவர் அப்போது பேரப்பிள்ளைகளைக் கையிற் பிடித்திருக்கத்தக்க வயதினர்.

1990 யூன் 17ஆம் நாள் இயந்திரம் வந்து மதிலை இடித்தது. 1953இல் அதே நாளிலே கிழக்கு ஜேர்மனித் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்டனர். அதன் நினைவாக மேற்கு ஜேர்மனி அந்நாளை ஒருமைப்பாட்டு நாளாகக் கொண்டாடிவந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 3இல் இரு நாடுகளும் ஒன்றாயின.

எஞ்சிய மதில்

இடித்தவர் முழுவதையும் இடிக்கவில்லை. ஏறத்தாழ 100 மீற்றர் நீளத்துக்கு மதிலை நின்றவாறே விட்டனர். 1990இலேயே அதனைச் சூழ அருங்காட்சியகம் ஒன்று தோன்றிற்று. காவற்கோபுரமும் கம்பி வேலியும் உழுத நிலமும் இருந்தவாறே காட்டப்படுகின்றன. ஆண்டுதோறும் பல்லாயிரவர், சிறப்பாகப் பள்ளி மாணவர், வந்து காண்கின்றனர். 2015இல் இவ்வூரின் கதையைத் தழுவி ‘தான்பாக்’ என்னும் பெயரிலே தொலைக்காட்சித் தொடரொன்றும் வெளியாயிற்று.

துன்பம் தந்த பொருளை ஏன் பேண வேண்டும் என வினவுவார் உளர். தம் வீட்டு வாயிலிலே சிறைச்சுவரைக் கண்டு எழுவது எவர்க்கும் இனிதன்று. அவ்வினா நேரியதே. ஆயினும் ஓர் ஆசிரியனாக யாம் கூறக்கூடிய விடை ஒன்றுண்டு. முப்பத்தேழு ஆண்டு அடைபட்ட ஊர் என்று கரும்பலகையில் எழுதினால், மாணவன் அதனைக் குறித்துக்கொண்டு மறந்துவிடுவான். மூன்று மீற்றர் உயரச் சுவரின் கீழே நின்று, கல்லெறியும் தொலைவிலுள்ள வீட்டைக் காண முடியாதிருப்பதை அவன் ஒருமுறை உணர்ந்தால், அது பாடமாகின்றது. கற்றவர் இறந்தபின்னும் கற்பிக்கத்தக்கது அச்சுவரே.

இன்றும் உள்ள எல்லை

கதையின் மிக வியத்தகு பகுதி இனிமேலேதான் உள்ளது. மதில் வீழ்ந்தது, எல்லை வீழவில்லை. மோட்லாரொயித் இன்றும் இரண்டு மாநிலங்களுக்குரியது. மேற்குப் பாதி பவேரியாவின் தோப்பென் ஊராட்சியைச் சேர்ந்தது. கிழக்குப் பாதி துரிங்கியாவின் கெஃபெல் நகராட்சியைச் சேர்ந்தது. அஞ்சற் குறியீடு இரண்டு. தொலைபேசிக் குறியீடு இரண்டு. வண்டிகளின் இலக்கத்தகடும் இருவகை. கல்வி அந்நாட்டிலே மாநிலங்களின் பொறுப்பாதலின், அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவர் வெவ்வேறு பாடத்திட்டத்தின்படி வெவ்வேறு பள்ளிகளிற் படிக்கின்றனர். விடுமுறை நாட்களும் ஒத்திருப்பதில்லை.

முகமன் கூறும் முறையிலும் வேறுபாடு உண்டு. மேற்குக் கரையார் எதிர்ப்பட்டவரைக் ‘குருஸ் கொட்’ என்பர். இறைவன் வாழ்த்துவானாக என்பது அதன் பொருள். கிழக்குக் கரையார் ‘கூட்டன் டாக்’ என்பர். நன்னாள் ஆகுக என்பது அதன் பொருள். வாழ்த்தும் சொல் வேறு. வாழ்த்தும் நெஞ்சம் ஒன்று. ஒருகாலத்திலே கரை கடந்து ஒரு சொல்லும் செல்லக் கூடாதிருந்த அவ்வோடைமேல் இன்று இரண்டு வாழ்த்தும் தடையின்றிச் செல்கின்றன. இரண்டையும் ஒன்றாக்க வேண்டுமென எவரும் அங்கே வற்புறுத்தவில்லை.

இதனை ஊன்றி நோக்கல் வேண்டும். ஊர் ஒன்றாவதற்கு எல்லையை அழிக்க வேண்டியிருக்கவில்லை. 1810இல் நட்ட கற்கள் இன்றும் ஓடையோரத்தில் உள்ளன. அவற்றின் இரு முகத்திலும் பொறித்த எழுத்துக்களுக்குரிய முடியரசும் சிற்றரசும் மறைந்தன. அவற்றைப் பின்பற்றிக் கோடு வரைந்த வல்லரசுகளுள் ஒன்று மறைந்தது. மதில் கட்டிய அரசும் மறைந்தது. பள்ளிக்குச் சென்ற பிள்ளையின் காலைத் தடுத்தது அக்கல் அன்று. கல்லின் அருகே துவக்குடன் ஒருவனை நிறுத்தி, கடப்பவன் பகைவன் என்று அவனுக்குக் கற்பித்ததே தடுத்தது.

நாற்சொற்களின் வேறுபாட்டினை மாணவர்க்குக் கூறும்போது முன்னெல்லாம் நிகண்டின் துணையோடு நிறுத்திக்கொள்வோம். இப்பொழுது இவ்வூரின் கதையையும் சேர்த்துக் கூறுகின்றோம். சென்ற தவணையில் அதனைக் கேட்ட மாணாக்கன் ஒருவன் எழுந்து, “ஐயா, எல்லை தானாக மதிலாக மாறுமா?” என்று வினவினான். மாறாது, தம்பி, ஒருவர் கட்டத் தொடங்க வேண்டும், மற்றவர் பார்த்திருக்க வேண்டும் என்றோம். அவன் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.